நீங்களே தோண்டிய களிமண்ணில் முதல் பாண்டம்

முதல் தடவை களிமண் தேடிப் போனபோது இரண்டு மூட்டை சுமந்து வந்தேன். ஆற்றங்கரையில் சாம்பல் நிறத்தில் வழவழவென்று கிடந்தது. பார்த்தாலே பானையாகிவிடும் போலிருந்தது. இரண்டு நாள் ஊறவைத்து, வடிகட்டி, பிசைந்து, ஒரு கிண்ணம் பிடிக்க உட்கார்ந்தால், வளைத்த இடமெல்லாம் விண்டுபோனது. அது களிமண்ணே இல்லை, மிக நுண்ணிய வண்டல். கரையில் நின்றபோதே ஒரு கைப்பிடி எடுத்து விரலில் சுற்றிப் பார்த்திருந்தால் அரை நிமிடத்தில் தெரிந்திருக்கும். முதுகுவலியும் மிஞ்சியிருக்காது.

அதனால் இந்தக் கட்டுரையில் வனைவதைவிடச் சோதிப்பதற்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன். கடையில் விற்கும் களிமண் யாரோ சோதித்து, கலந்து, பக்குவம் செய்து கொடுத்தது. தோண்டி எடுத்த மண்ணுக்கு அந்த வேலை முழுவதும் நம் தலையில்தான்.

களி, வண்டல், மணல்

பாறையிலுள்ள ஃபெல்ட்ஸ்பார் போன்ற கனிமங்கள் நீண்ட காலம் நீர்பட்டுச் சிதைந்து களிமண்ணாகின்றன. களித் துகள் 0.002 மில்லிமீட்டரைவிடச் சிறியது, தகடு போலத் தட்டையானது. தகடுகளுக்கு நடுவே நீர் புகுந்தால் அவை ஒன்றின்மேல் ஒன்று வழுக்கும், ஆனால் விட்டுப் பிரியாது. வளைத்தபடி மண் நிற்பது இதனால்தான். வண்டல் துகள் சற்றுப் பெரியது, தகடாக இருக்காது. ஈரத்தில் வழுக்கும், ஆனால் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளாது. மணலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். நிலத்தில் கிடைக்கும் மண் பெரும்பாலும் இந்த மூன்றும் கலந்ததுதான். உங்கள் மண்ணில் எது எவ்வளவு என்பதுதான் கேள்வி.

தாய்ப்பாறை சிதைந்த இடத்திலேயே கிடக்கும் களி பெரும்பாலும் வெளிறி, கொஞ்சம் சொரசொரப்பாக இருக்கும். பீங்கானுக்குப் பயன்படும் கயோலின் பெரும்பாலும் இப்படிக் கிடைப்பதுதான். நீர் அடித்துவந்து சேர்த்த களி வழியிலேயே நுண்மையாகி, இரும்பையும் மக்கிய இலைதழையையும் சேர்த்துக்கொண்டு வரும். புதிதாகத் தொடங்குபவர்கள் கையில் பெரும்பாலும் சிக்குவது இரண்டாவது வகைதான், வளைப்பதற்கும் அதுவே சுலபம். தோண்டும்போது இருக்கும் நிறத்தை நம்பாதீர்கள். சாம்பலாகவோ மஞ்சளாகவோ இருப்பது, உள்ளே இரும்பு இருந்தால், சூளையில் சிவந்துவிடும். மக்கிய பொருளால் வந்த கருமை எரிந்து போய்விடும்.

எங்கே தேடுவது

நீர் வேகமாக ஓடும் இடத்தில் கல்லும் மணலும்தான் தங்கும். நீர் சோம்பிக் கிடந்த இடத்தில்தான் களி படியும். வற்றிய குளம், ஏரிப் படுகை, வெள்ளம் பரவி வடியும் சமவெளி ஆகியவற்றிலிருந்து தொடங்குங்கள். ஓடை அரித்துச் செங்குத்தாக நிற்கும் கரையும் நல்ல இடம். மண்ணின் அடுக்குகள் அங்கே தாமாகவே தெரியும், தோண்டும் வேலை மிச்சம். கிணறு, அஸ்திவாரம், குழாய்ப் பள்ளம் என்று யாராவது எதற்காவது தோண்டிக்கொண்டிருந்தால் நின்று எட்டிப் பாருங்கள். என் நல்ல மண்ணில் பாதி இப்படி அடுத்தவர் வெட்டிய பள்ளத்திலிருந்து வந்ததுதான்.

காய்ந்த தரை பாளம் பாளமாக வெடித்து, ஓரங்கள் மேலே சுருண்டிருந்தால் களி இருக்க வாய்ப்புண்டு. மழை பெய்து நாளாகியும் நீர் இறங்காமல் தேங்கி நிற்பதும், செருப்பில் அப்பிக்கொண்டு காலை விடாமல் இழுப்பதும் அதே செய்தியைத்தான் சொல்கின்றன.

தோண்டும் முன் நிலத்துக்காரரிடம் கேளுங்கள். பாதுகாக்கப்பட்ட காடுகள், தொல்லியல் இடங்கள் பக்கம் போகவே வேண்டாம். தொழிற்சாலைக் கழிவு, குப்பைமேடு, சுரங்கக் கழிவு, பெரிய சாலையின் ஓரம் ஆகியவற்றின் அருகிலிருந்தும் எடுக்காதீர்கள். ஈயம் போன்ற உலோகங்கள் மண்ணில் இருந்தால் கண்ணுக்குத் தெரியாது. கரையின் அடியைக் குடைந்து எடுப்பது இன்னொரு தப்பு: மேலே நிற்கும் மண் சொல்லாமல் கொள்ளாமல் சரியும். வேரும் இலைமக்கும் நிறைந்த மேல்மண்ணை விலக்கி, அதற்குக் கீழிருந்து எடுங்கள். எடுத்த பிறகு குழியை மூடிவிடுங்கள்.

நின்ற இடத்திலேயே செய்யும் சோதனைகள்

ஒரு புட்டி தண்ணீரும் ஒரு கத்தியும் போதும்.

முதலில் எலுமிச்சையளவு மண்ணை எடுத்து, கல்லையும் வேரையும் நீக்கி, கையில் ஒட்டாத அளவுக்கு ஈரமாக்கிப் பிசையுங்கள். பென்சில் தடிமனில் திரியாக உருட்டி ஆள்காட்டி விரலில் சுற்றுங்கள். வெடிக்காமல் சுற்றிக்கொண்டால் நல்ல களி. மேலே சிறு கீறல்கள் விழுந்தால் சுமார், ஆனாலும் வேலைக்கு ஆகும். உருட்டும்போதே உடைந்தால் அங்கேயே போட்டுவிட்டு நடையைக் கட்டுங்கள்.

கத்தியால் உருண்டையை வெட்டிப் பாருங்கள். வெட்டிய முகம் பளபளத்தால் களி அதிகம். மங்கலாக இருந்தால் வண்டலோ மணலோ கூடுதல்.

மூன்றாவது சோதனை என்னைப் போல ஏமாறாமல் இருக்க. மண்ணைக் குழையக் குழைய ஈரமாக்கி, உள்ளங்கையில் அடையாகத் தட்டி, அந்தக் கையை மற்ற கையால் பக்கவாட்டில் தட்டிக் குலுக்குங்கள். மேற்பரப்பில் நீர் ஏறிக் கண்ணாடி போல மின்னி, விரலால் அழுத்தியதும் நீர் உள்வாங்கி மங்கிவிட்டால் அது வண்டல். களிமண் எவ்வளவு குலுக்கினாலும் அசையாது. வண்டலைக் கையும் களவுமாகப் பிடிக்க இதைவிடச் சுலபமான வழி எனக்குத் தெரியாது.

இந்த மூன்றிலும் தேறினாலும் ஒரு வாளிக்கு மேல் எடுக்காதீர்கள். பையின்மேல் தேதி, இடம், ஆழம் மூன்றையும் எழுதுங்கள். நாலு பை சேர்ந்த பிறகு எது எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் நினைவிருக்காது.

வீட்டில் செய்யும் சோதனைகள்

கோலிக்குண்டு அளவில் சில உருண்டைகள் பிடித்து நன்றாகக் காயவிடுங்கள். ஒன்றை இரு விரல்களுக்கு நடுவே நசுக்கிப் பாருங்கள். பொடிந்தால் வண்டல். விரல் வலித்தாலும் அசையாமல் இருந்தால் களி. இன்னொன்றைத் தண்ணீரில் போட்டுவிட்டுத் தொடாமல் பாருங்கள். சில நிமிடங்களில் அது தானே நெகிழ்ந்து குவியலாகச் சரியும். அடுத்துச் சுத்தம் செய்யும் முறை முழுவதும் இதை நம்பித்தான் இருக்கிறது.

கண்ணாடி ஜாடியில் மூன்றில் ஒரு பங்குக்குப் பொடித்த மண்ணும், மீதிக்குத் தண்ணீரும், ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவமும் விட்டு நன்றாகக் குலுக்கி வையுங்கள். முதல் ஒரு நிமிடத்தில் அடியில் படிவது மணல். அடுத்த சில மணி நேரத்தில் அதன்மேல் படிவது வண்டல். நாள் கடந்தும் கலங்கலாக நின்று கடைசியில் இறங்குவது களி. களி நீரில் உப்பிக்கொள்வதால் அந்த அடுக்கு உள்ளதைவிடத் தடிமனாகத் தெரியும், அதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். மணல் நிறைய இருந்தால் கவலை வேண்டாம், பிரித்துவிடலாம். வண்டல் நிறைய இருந்தால்தான் சிக்கல். சல்லடையில் களியோடு சேர்ந்து அதுவும் இறங்கிவிடும். மணற்பாங்கான களியும் வண்டல் கலந்த களியும் கிடைத்தால் முதலாவதை எடுத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் சுண்ணாம்பு. காய்ந்த கட்டியின்மேல் சில சொட்டு வினிகர் விட்டால் நுரைத்துப் பொங்குகிறதா? பொங்கினால் சுண்ணாம்புக் கல்லோ நத்தை ஓட்டுத் துண்டுகளோ உள்ளே இருக்கின்றன. சுடும்போது 800 டிகிரி செல்சியஸைத் தாண்டியதும் அவை சுட்ட சுண்ணாம்பாகிவிடும். சூளையிலிருந்து எடுக்கும்போது பாண்டம் நன்றாகத்தான் இருக்கும். பிறகு காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி அந்தத் துண்டு பருத்து, தன்மேல் இருக்கும் ஓட்டைத் தள்ளி உடைக்கும். எனக்கு மிகவும் பிடித்த ஒரு குடுவை அலமாரியில் பத்து நாள் அழகாக இருந்துவிட்டு, பதினோராம் நாள் தன் பாட்டுக்குப் பொரியத் தொடங்கியது. ஒவ்வொரு குழியின் அடியிலும் ஒரு வெள்ளைப் புள்ளி. மாவு போல நுண்மையாகப் பரவியிருக்கும் சுண்ணாம்பு அவ்வளவு கெடுதல் செய்யாது, கட்டிகள்தான் எதிரி. நுண்ணிய சல்லடையில் வடித்தால் பெரும்பகுதி போய்விடும். ஆனால் பலமாகப் பொங்கும் மண்ணோடு முதல் முயற்சியிலேயே மல்லுக்கட்ட வேண்டாம். வேறு இடம் பாருங்கள்.

சுத்தம் செய்வது

காய்ந்த மண்ணை இடித்துச் சலிப்பது ஒரு வழி. விரைவாக முடியும், ஆனால் தூசி பறக்கும். அந்தத் தூசியில் இருக்கும் சிலிக்கா நுரையீரலுக்குக் கேடு, பல ஆண்டுகள் சேர்ந்தால் மீளாத கேடு. நான் நீர்வழியைத்தான் சொல்வேன். மண்ணை உடைக்கும் சிறு வேலைக்குக்கூட என்95 முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள். வேலை செய்த இடத்தைப் பெருக்காமல் ஈரத் துணியால் துடையுங்கள்.

முதலில் மண்ணை முழுக்கக் காயவிடுங்கள். இது வேண்டாத வேலை போலத் தோன்றும்: எப்படியும் ஊறவைக்கத்தானே போகிறோம்? ஆனால் அரை ஈரக் கட்டி நாள்கணக்கில் தண்ணீரில் கிடந்தாலும் கரையாமல் வீம்பு பிடிக்கும். எலும்பாகக் காய்ந்த கட்டியோ, மேலே பார்த்த உருண்டையைப் போல, தானே நெகிழ்ந்துவிடும். காய்ந்ததும் சிறு துண்டுகளாக உடைத்து வாளியில் மூன்றில் ஒரு பங்கு போட்டு, மூழ்கும்வரை தண்ணீர் ஊற்றுங்கள். கிளறாதீர்கள். ஒரு ராத்திரி அப்படியே இருக்கட்டும்.

மறுநாள் இன்னும் தண்ணீர் சேர்த்து, பால் போல நீர்த்த கரைசலாகும்வரை கலக்குங்கள். ஒரு நிமிடம் நிறுத்துங்கள். மணலும் கல்லும் அடியில் இறங்கிவிடும். மேலே கலங்கி நிற்பதை ஜன்னல் கொசுவலை வழியாக இரண்டாவது வாளிக்கு ஊற்றி, அடியில் தங்கியதை விட்டுவிடுங்கள். இன்னொரு முறை இதையே செய்து, கடைசியில் 60 அல்லது 80 மெஷ் (ஓர் அங்குலத்துக்கு அத்தனை கண்கள்) சல்லடையில் வடியுங்கள். கையால் பிடித்துச் செய்யும் தடித்த பாண்டத்துக்குக் கொசுவலையே போதும். கொஞ்சம் நறநறப்பு இருந்தால் கெட்டுப்போகாது, சில நேரம் நல்லதும்கூட.

வாளியை மூடி இரண்டு மூன்று நாள் விடுங்கள். களி அடியில் படிந்து மேலே தெளிந்த நீர் நிற்கும். அதை ஒரு ரப்பர் குழாயால் உறிஞ்சி வெளியேற்றுங்கள். வாளியைச் சாய்த்தால் பாதிக் களி போய்விடும். ஒரு வாரமாகியும் தெளியவில்லையா? ஒரு கரண்டி வினிகரோ, எப்சம் உப்பு எனப்படும் மக்னீசியம் சல்பேட்டோ கலக்குங்கள். துகள்கள் ஒன்றோடொன்று திரண்டு இறங்கிவிடும். வடித்த நீரைச் செடிக்கு ஊற்றலாம், வினிகரோ உப்போ கலந்திருந்தால் வெறுந்தரையில் கொட்டுங்கள். கழிவுநீர்த் தொட்டியில் மட்டும் வேண்டாம். குழாயில் களி படிந்து இறுகினால் அதை எடுப்பது தனிக் கதை.

இப்போது வாளியில் கெட்டித் தயிர் போன்ற குழம்பு இருக்கும். பழைய தலையணை உறையில் ஊற்றிக் கட்டித் தொங்கவிடுங்கள். வெயிலையும் காற்றையும் பொறுத்து மூன்று நாளிலோ ஒரு வாரத்திலோ பிசையும் பதத்துக்கு வரும். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் பலகையில் பரப்பினால் சீக்கிரம் இறுகும். ஆனால் பலகையிலிருந்து ஒரு துணுக்குகூடப் பெயர்ந்து களியில் சேரக் கூடாது. அதுவும் சுண்ணாம்பைப் போலவே பிறகு பொரியும்.

நன்றாகப் பிசைந்து காற்றுக் குமிழிகளை வெளியேற்றி, பாலித்தீன் பையில் இறுகக் கட்டி வையுங்கள். இரண்டு வாரம் கிடந்தால் நீர் எல்லாத் துகளுக்கும் சென்று சேர்ந்து, வளையும் தன்மை கூடும். பையைத் திறக்கும்போது வாடை வந்தாலோ பூஞ்சை பூத்திருந்தாலோ பதற வேண்டாம், களிக்கு அதனால் கெடுதலில்லை.

எவ்வளவு சுருங்குகிறது?

அவசரப்பட்டுப் பாண்டம் செய்யாமல் முதலில் நாலைந்து வில்லைகள் செய்யுங்கள். 12 சென்டிமீட்டர் நீளம், 4 அகலம், 1 தடிமன். ஒவ்வொன்றிலும் சரியாக 100 மில்லிமீட்டர் நீளத்துக்கு ஒரு கோடு கீறி, எண்ணையும் கீறிவிடுங்கள். காய்ந்ததும் அந்தக் கோட்டை அளந்தால் 93 இருக்கிறதா? சுருக்கம் 7 சதவீதம். 5 முதல் 8 வரை இருந்தால் நிம்மதி. 10-ஐத் தாண்டினால் அந்த மண் காயும்போதே வெடிக்கப் பார்க்கும், வில்லைகளும் கோணிக்கொள்ளும்.

அதற்கு மருந்து, சுருங்காத எதையாவது கலப்பது. மணல் கலக்கலாம், கடல் மணல் மட்டும் வேண்டாம், உப்பும் சிப்பியும் இருக்கும். என் தேர்வு ஓட்டுப்பொடி: ஏற்கெனவே சுட்ட மண்பாண்ட ஓட்டை நொறுக்கிச் சலித்தது. மணலிலுள்ள குவார்ட்ஸ் 573 டிகிரியில் சட்டென்று விரியும், ஆறும்போது அதே இடத்தில் சட்டென்று சுருங்கும். ஓட்டுப்பொடிக்கு அந்தக் கோளாறு குறைவு, அதன் சொரசொரப்பான விளிம்புகள் களியை நன்றாகப் பிடித்தும் கொள்ளும். காய்ந்த எடையில் 10, 20, 30 சதவீதம் கலந்து மூன்று வில்லைகள் போட்டுப் பாருங்கள். வெடிக்காமல், ஆனால் இன்னும் வளையக்கூடியதாக இருப்பதே உங்கள் கலவை.

எதிர்ப்பக்கச் சிக்கலும் உண்டு. சுருக்கம் குறைவு, ஆனால் வளைத்தால் விண்டுபோகிறது என்றால் களித்தன்மை போதவில்லை. 2 அல்லது 3 சதவீதம் பென்டோனைட் (நீரில் நன்றாக உப்பும், மிக நுண்ணிய ஒரு களி வகை) சேர்க்கலாம், அல்லது வேறிடத்தில் எடுத்த கொழுத்த களியைக் கலக்கலாம்.

காய்ந்த வில்லையின் விளிம்பில் வெள்ளையாகப் பூத்திருந்தால் அது உப்பு. அடுத்த முறை கரைசலைப் படியவிட்டு நீரை வடித்து, புது நீர் ஊற்றி, இரண்டு மூன்று தடவை அலசுங்கள்.

பிடித்தலும் காயவைத்தலும்

சக்கரத்தை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். உள்ளங்கையில் அடங்கும் கிண்ணத்தைக் கையால் பிடித்தோ, திரி திரியாக அடுக்கி ஒட்டியோ செய்யுங்கள். சுவர் 6 முதல் 8 மில்லிமீட்டர் இருக்கட்டும். அதைவிட முக்கியம் எல்லா இடத்திலும் ஒரே தடிமனாக இருப்பது: மெல்லிய விளிம்பு முதலில் காய்ந்து சுருங்கும், தடித்த அடிப்பாகம் அதோடு வராது, நடுவே கீறல் விழும். நகம் பதியும் ஆனால் வளையாத பதத்தில், வழவழப்பான கூழாங்கல்லால் மேற்பரப்பைத் தேய்த்தால் சுட்ட பிறகும் மெருகு நிற்கும்.

பாலித்தீனால் தளர்வாக மூடி நிழலில் ஒரு வாரம் காயவிடுங்கள். கன்னத்தில் வைத்துப் பார்த்தால் குளிர்ந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது என்று பொருள்.

சுடுவது

பசுமண் கலம் எவ்வளவு காய்ந்தாலும் தண்ணீர் பட்டால் கரையும். ஏறக்குறைய 600 டிகிரியைத் தாண்டும்போது களியின் அமைப்புக்குள்ளேயே கட்டுண்டிருந்த நீரும் வெளியேறி, அது திரும்ப மண்ணாக முடியாத பொருளாகிவிடும். சுட்டது போதுமா என்ற சந்தேகம் வந்தால் ஒரு துண்டைத் தண்ணீரில் போட்டு வையுங்கள். மறுநாள் குழைந்திருந்தால் சூடு போதவில்லை.

மின்சூளை வைத்திருக்கும் யாராவது இடம் கொடுத்தால், தோண்டிய மண் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். இரும்பு கலந்த மண் பெரும்பாலும் 1000 முதல் 1100 டிகிரிக்குள் நன்கு இறுகும், அதற்குமேல் போனால் உப்பவோ உருகவோ தொடங்கலாம். உருகினால் சூளைத் தட்டோடு ஒட்டிக்கொள்ளும். வில்லையை ஒரு பழைய பீங்கான் தட்டில் வைத்து, 950-இல் தொடங்கி, ஒவ்வொரு முறையும் 50 டிகிரி கூட்டிப் பாருங்கள். சுட்ட வில்லையை நிறுத்து, ஒரு நாள் நீரில் போட்டு, துடைத்து மறுபடி நிறுங்கள். 100 கிராம் 112 ஆனால் 12 சதவீதம் நீரை உறிஞ்சுகிறது. சூடு கூடக் கூட இந்த எண் குறையும்.

சூளை இல்லாவிட்டால் குழியில் சுடலாம். அதில் 600 முதல் 900 டிகிரி வரை போகும். ஓட்டுப்பொடி கலந்த மண்தான் இதற்குத் தாங்கும், திடீர்ச் சூட்டில் வெறுங்களி சிதறும். காற்றில்லாத நாளாகப் பாருங்கள். தீ மூட்டத் தடை இல்லை என்று உறுதி செய்துகொண்டு, காய்ந்த புல்லிலிருந்தும் கட்டடங்களிலிருந்தும் தள்ளி முழங்கால் ஆழத்துக்குக் குழி வெட்டுங்கள். பக்கத்தில் தண்ணீர் இருக்கட்டும். கான்கிரீட் தரைமேல் தீ வேண்டாம், அதுவும் வெடிக்கும். பெயிண்ட் அடித்த, மருந்தூட்டிய மரத்தை எரிக்காதீர்கள்.

குழிக்கு வெளியே சிறு தீ மூட்டி, பாண்டங்களை அதைச் சுற்றி வைத்து, இரண்டு மணி நேரமாவது திருப்பித் திருப்பிச் சூடேற்றுங்கள். நெருப்பில் உடையும் பாண்டங்களில் பெரும்பாலானவை இந்த இடத்தில் அவசரப்பட்டதால்தான் உடைகின்றன. உள்ளே மிஞ்சிய ஈரம் 100 டிகிரியில் ஆவியாகி, வெளியேற வழியின்றிச் சுவரைப் பிளக்கும். டப் என்று சத்தம் கேட்டால் விலகி நில்லுங்கள். கையால் தொட முடியாத சூடு வந்ததும், இடுக்கியால் எடுத்துக் குழியில் பரப்பிய தணல்மேல் கவிழ்த்து வைத்து, சுற்றிலும் மேலும் மெல்லிய காய்ந்த விறகை அடுக்குங்கள். ஒன்றிரண்டு மணி நேரம் நன்றாக எரியட்டும். பிறகு சாம்பலுக்குள்ளேயே மறுநாள் வரை கிடக்கட்டும். பாதிச் சூட்டில் எடுத்துப் பார்க்கும் ஆசை எல்லோருக்கும் வரும். எனக்கு வந்தபோது ஒரு கிண்ணம் போனது.

எடுத்ததும் விரல் கணுவால் சுண்டிப் பாருங்கள். கணீரென்றால் முழுசாக இருக்கிறது, மொத்தென்றால் எங்கோ கீறல். புகைபட்ட இடங்கள் கறுத்திருக்கும், அது இந்த முறையின் அழகு.

குழியில் சுட்டதில் நீர் கசியும். உணவுக்கும் குடிநீருக்கும் இதைப் பயன்படுத்தாதீர்கள்: நுண்துளைகளில் அழுக்கும் கிருமியும் தங்கும், மண்ணில் என்ன உலோகம் இருந்தது என்பதும் நமக்குத் தெரியாது. செடி வைக்கலாம், பேனா போட்டு வைக்கலாம்.

வனையும்போது மிஞ்சிய பச்சைத் துணுக்குகளைக் காயவைத்துத் திரும்ப வாளியில் போடுங்கள். நெருப்பில் உடைந்தவற்றைத் தடித்த துணியில் சுற்றிச் சுத்தியலால் நொறுக்கி, நீர் தெளித்துத் தூசியடக்கி, சல்லடையில் அலசிக் காயவையுங்கள். வினிகர் சோதனையில் நுரைத்த மண்ணின் ஓடுகளை மட்டும் சேர்க்காதீர்கள். அடுத்த வாளிக்கான ஓட்டுப்பொடி இதுதான்.